தலைக்கு 40,000 ரூபாய்ல இலங்கையை முதுகுப்பையோட சுத்த முடியுமா?

பெரம்பூர்_மதி:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என்கூட வேலை பார்க்கிற தோழியும் இலங்கை போகலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு. தலைக்கு 40,000 ரூபாய், விமான டிக்கெட்டும் அதுக்குள்ளயே. அதுக்கு மேல வீட்ல ஒரு ரூபாய் கேட்க மாட்டேன். மாசாமாசம் சீட்டு கட்டிச் சேர்த்த காசு இது.

பத்து நாள் வாக்குல இருக்கலாம்னு நினைக்கிறோம். தமிழ்ப் புத்தாண்டு லீவையும் சேர்த்து ஏப்ரல் 10 சுமாருக்குக் கிளம்பினா ஆபீஸ் லீவு மிச்சமாகும். போட்டு வச்சிருக்கிற ஊருங்க: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, யால காட்டுல சஃபாரி, எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம். இதை தி.நகர்ல ஒரு டிராவல்ஸ்காரர்கிட்ட காட்டினேன். காரும் டிரைவரும் சேர்த்து அவர் சொன்ன தொகை எங்க பட்ஜெட்டுக்குக் கிட்டவே வரல. அதனால பஸ், ரயில்னு நாங்களே போறதா இருக்கோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? ஹாஸ்டல்ல படுக்கை எடுக்கறதா, ரூம் போடறதா? தோழி சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது? காசை எப்படி எடுத்துட்டுப் போறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொளத்தூர்_வசந்தி:

மதி, 40,000 போதும். ஆனா இந்தப் பட்டியலுக்குப் போதாது. பாதித் தீவை எடுத்துக்கோ, நிம்மதியாப் போய்ட்டு வரலாம்.

நான் அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவுல இருக்கேன். வெளியூர் போனா அன்னன்னிக்கு ஆன செலவை ராத்திரியே நோட்டுல எழுதிட்டுத்தான் படுப்பேன். இலங்கை போய் வந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தா சோத்துக்கும் படுக்கைக்கும் ஆன காசு பயப்படற மாதிரி இல்ல. பணம் கரையறது ரெண்டு விஷயத்துல. ஒண்ணு நுழைவுச் சீட்டு, இன்னொண்ணு அவசரம். தினம் ஒரு ஊர்னு ஓடினா பஸ் ஸ்டாண்டுல இருந்து ரூமுக்கு தினம் ஆட்டோ. பஸ்ஸை விட்டுட்டா, அன்னிக்கே அடுத்த ஊர் போயாகணும்னு கார். ஒரே இடத்துல மூணு ராத்திரி இருந்தா வீட்டுக்காரம்மா வாடகையைக் குறைப்பாங்க. எந்தக் கடையில சோறு மலிவுன்னு ரெண்டாம் நாளே நமக்குத் தெரிஞ்சிடும். மூணாம் நாள் நடந்தே சுத்துவோம்.

முதல்ல தேதியை மாத்து. ஏப்ரல் 13, 14 அங்கேயும் புத்தாண்டு, சிங்களவங்களுக்கும் தமிழங்களுக்கும் சேர்த்து. அதுக்கு முந்தின நாட்கள்ல கொழும்புல வேலை பார்க்கிற ஜனம் மொத்தமும் சொந்த ஊருக்குக் கிளம்பும். பொங்கலுக்கு முன்னாடி கிளாம்பாக்கம் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் பஸ் ஸ்டாண்டு. பண்டிகை அன்னிக்கும் அடுத்த சில நாளும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைங்கதான் மூடிக் கிடக்கும். நம்ம பட்ஜெட்டைக் காப்பாத்தறதே அந்தக் கடைங்கதான். நுவரெலியாவுல ஏப்ரல்தான் சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம்னு உள்ளூர்ப் பணக்காரங்களே வந்து ரூமை நிரப்பிடுவாங்க. ஏப்ரல் 20-க்கு மேல கிளம்பு. கூட ரெண்டு மூணு நாள் லீவு போனாலும் பரவாயில்ல.

அப்புறம் எந்தப் பாதிங்கறது. தென்மேற்குப் பருவமழை மே மாசக் கடைசியிலயிருந்து காலி, மிரிஸ்ஸ பக்கம் கொட்டும். கடல் அதுக்கு முன்னாடியே பொங்க ஆரம்பிச்சிடும். அதே நேரத்துல கிழக்குக் கரை, திருகோணமலையெல்லாம், அமைதியா இருக்கும். அக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் இது அப்படியே தலைகீழ். நமக்கு மழை பெய்யற அதே வடகிழக்குப் பருவமழை அவங்க வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். நீ போற நேரத்துக்கு ஏத்த வழி: யாழ்ப்பாணம், திருகோணமலை, அங்கிருந்து ஹபரண வழியா சிகிரியா-தம்புள்ள, கண்டி, கடைசியா கொழும்பு. தெற்கையும் யாலவையும் எல்லவையும் விட்டுடு. எல்லவுக்குப் போற மலை ரயில் எல்லாருக்குமே ஆசைதான், எனக்குப் புரியுது. ஆனா 2025 நவம்பர் கடைசியில அடிச்ச டிட்வா புயல்ல மலையகத் தண்டவாளம் பல இடத்துல அறுந்து போச்சு. கண்டிக்கு மேல எந்தப் பகுதி ஓடுதுன்னு ரயில்வே அறிவிப்பைப் பார்க்காம அதை நம்பித் திட்டம் போடாதே.

இப்போ கணக்கு. நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க காசு ஏறத்தாழ மூணரை ரூபாய். கிளம்பற வாரம் ஒரு தடவை பார்த்துக்கோ.

ரூம்: ஹாஸ்டல் படுக்கை ஒண்ணு 2,000-லயிருந்து 3,000 வரை, அவங்க காசுல. வீட்டோட சேர்ந்த கெஸ்ட் ஹவுஸ்ல ரெண்டு பேர் படுக்கிற ரூம் 4,000-லயிருந்து 5,000-க்குள்ள கிடைக்கும். ரெண்டு பேர் பகிர்ந்தா படுக்கை விலையேதான். தனியாப் போறவங்களுக்குத்தான் ஹாஸ்டல் லாபம். ரெண்டு பொண்ணுங்கன்னா, குடும்பம் குடியிருக்கிற வீட்டுல ரூம் எடுங்க. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கான்னு பார்த்துட்டுப் பையை இறக்குங்க. ஃபேன் ரூம் கேளுங்க. ஏ.சி. ரூம்னா விலை சட்டுனு ஏறிடும்.

சாப்பாடு: காலையில இடியாப்பமோ அப்பமோ 300, மதியம் சோறு கறி 500, ராத்திரி கொத்து ரொட்டி 800, 900. டீ, தண்ணி, வாழைப்பழம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,000. நம்ம காசுக்கு 570 சுமார். மதியச் சோறுதான் அங்க நிஜமான சாப்பாடு. பருப்பு, ரெண்டு மூணு காய், சம்பல், அப்பளம் எல்லாம் வரும், இன்னும் கேட்டாலும் போடுவாங்க. வயித்துக்கு அதை நம்புங்க. ராத்திரி லேசா முடிச்சுக்கலாம். வெளிநாட்டுக்காரங்க உட்கார்ற கஃபேயில ஒரு வேளைக்கு ஆகற காசு இந்த மாதிரிக் கடையில ஒரு நாளைக்கு ஆகும். அந்தப் பில்லுல பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜும் 18 சதவீதம் வாட் வரியும் தனியா ஏறும். மெனுவுல பார்க்கிற விலை ஒண்ணு, கொடுக்கிற விலை ஒண்ணு.

பஸ், ஆட்டோ: நீண்ட தூரம் போற நாளையும் போகாத நாளையும் சராசரி பார்த்தா அவங்க காசுல 1,100, 1,200. ஆட்டோவுக்கு 'பிக்மீ' ஆப் இருக்கு. கொழும்பு, கண்டியில அதுலேயே கூப்பிடு.

ஆக தலைக்கு நாள் ஒண்ணுக்கு நம்ம காசு 1,550. பத்து நாளைக்கு 15,500. போக வர விமானம் 14,000-ன்னு வச்சுக்கோ, சீக்கிரமே எடுத்தா குறையும். நுழைவுச் சீட்டுக்கு 4,000. சிம், பயணக் காப்பீடு, விசா அனுமதி, மீனம்பாக்கம் போக வர 2,500. மீதி 4,000-ஐத் தொடாதே. காய்ச்சல், தொலைஞ்ச செருப்பு, விட்ட பஸ், எல்லாம் அந்த 4,000-த்துக்குள்ள. கூட்டிப் பாரு, 40,000.

யால சஃபாரி இந்தக் கணக்குல எங்கேயும் உட்காராது. நுழைவுக் கட்டணம், அதுக்கு மேல சேவைக் கட்டணம், வண்டிக் கட்டணம், வரி, கடைசியா ஜீப் வாடகைன்னு அடுக்கிட்டே போகும். ஜீப்பை முழுசாத்தான் எடுக்கணும். ஆறு பேர் சேர்ந்தா தாங்கும், ரெண்டு பேர்னா தாங்காது. யானைதான் பார்க்கணும்னா ஹபரண பக்கத்துக் காட்டு ரோட்ல பஸ் ஜன்னலோரம் உட்காரு. சாயங்காலத்துல ரோட்டோரமே நிக்கும்.

தோழிகிட்ட ஒண்ணு சொல்லு. தேங்காய்ச் சம்பல்ல மாசி போடுவாங்க, காஞ்ச மீனை இடிச்ச தூள். பார்த்தா தெரியாது. சிங்களப் பகுதியில 'மஸ் எபா, மாளு எபா'ன்னு சொன்னாப் போதும், இறைச்சி வேணாம், மீன் வேணாம்னு புரிஞ்சுக்குவாங்க. சம்பலைக் காட்டித் தனியா ஒரு தடவை கேட்டுக்கணும். டீக்கடையில போய் உட்கார்ந்தா கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லெட், பன்னுன்னு கொண்டு வந்து நடுவுல வச்சுட்டுப் போயிடுவாங்க. பதற வேண்டாம். எடுத்ததை மட்டும் எண்ணிக் காசு வாங்கிட்டு, மீதியை அப்படியே அடுத்த மேசைக்கு எடுத்துட்டுப் போவாங்க. அந்தத் தட்டுல முக்கோணமா இருக்கிற பன்னுக்குள்ள மீன் இருக்கும்.

வளசை_யாழ்:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். இப்ப கனகாலமா வளசரவாக்கத்தில இருக்கிறன். சொந்தக்காரர் அங்க இருக்கினம், அதால போய் வாறனான்.

வசந்தி அக்கா சொன்ன வழி நல்ல வழி. அதில யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாள் எண்டு வைக்காதேங்கோ, குறைஞ்சது மூண்டு நாள் வையுங்கோ. அங்க காசு செலவழிக்கச் சொல்லி ஆருமே உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டினம். நிலம் தட்டை, மலையே இல்லை. சைக்கிள் ஒண்டு வாடகைக்கு எடுத்தா நல்லூர், கோட்டை, நூலகம், பண்ணைக் கடற்கரை எல்லாம் ஒரு நாளில வடிவாப் பாக்கலாம். நல்லூர்க் கந்தசாமி கோயிலில அர்ச்சனைச் சீட்டு இண்டைக்கும் ஒரு ரூபாய்தான். எந்தப் பெரிய ஆள் வந்தாலும் அதே ஒரு ரூபாய். கோயிலுக்குப் பக்கத்தில ரியோவில ஐஸ்கிரீம் குடியுங்கோ, அங்க பிள்ளையளெல்லாம் அப்பிடித்தான் சொல்லுங்கள்.

ரெண்டாம் நாள் விடிய பஸ்ஸில குறிகட்டுவான் போங்கோ. தீவுகளை இணைக்கிற பாலத்தால போற பஸ், ரெண்டு பக்கமும் கரையோரக் கடல், முழங்கால் அளவு தண்ணிக்குள்ள நிண்டு வலை போடுவினம். குறிகட்டுவானில படகு ஏறினா கொஞ்ச நேரத்தில நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலில மத்தியானம் அன்னதானம் இருக்கு. சைவப் பிள்ளைக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேற எங்க கிடைக்கும்? முடிஞ்சதை உண்டியலில போட்டிட்டு வாங்கோ. நெடுந்தீவுக்கும் அதே துறையில இருந்துதான் படகு. ஆனா அது தூரம், கடலும் கொஞ்சம் ஆட்டும், திரும்பி வாற கடைசிப் படகின்ர நேரத்தைப் போகேக்கையே கேட்டு வையுங்கோ.

மூண்டாம் நாள் கீரிமலை. நன்னீர்க் கேணி, கடலுக்குப் பக்கத்திலேயே. ஆம்பிளையளுக்கு ஒண்டு, பொம்பிளையளுக்கு ஒண்டு. மாத்துத் துணி கொண்டு போங்கோ. பருத்தித்துறைப் பக்கம் போனா அந்த ஊர் வடை வாங்குங்கோ. தட்டையா, மொறுமொறுப்பா, பையில வச்சாக் கன நாள் இருக்கும். பஸ் பயணத்துக்கு அதுவும் பிளேன் டீயும் போதும், காசும் மிச்சம்.

ஒரு விசயம் மனசில வையுங்கோ. அந்த மண் கன வருசம் சண்டை பாத்த மண். இடிஞ்ச வீட்டைக் கண்டா உடன ஃபோனைத் தூக்காதேங்கோ, ஆக்களிட்ட முதல் கதையுங்கோ. ராணுவ முகாமைப் படம் எடுக்கவே கூடாது. சென்னையில இருந்து வாறம் எண்டு சொன்னா சனம் ஆசையாக் கதைக்கும், தேத்தண்ணி குடிக்காம விடாது.

நடராஜா_சர்வீஸ்:

வசந்தி மேடம் கணக்குல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா நுழைவுச் சீட்டுக்குன்னு வச்ச 4,000-ஐ எங்க செலவழிக்கணும்னு சொல்றேன்.

சிகிரியா பாறைக் கோட்டையை விட்டுடாதே. வெளிநாட்டவருக்கு 35 டாலர்னு போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துத் திரும்பிடாதே. நம்ம இந்தியாவும் இருக்கிற சார்க் கூட்டமைப்பு நாட்டவருக்கு ஏறக்குறைய பாதிதான். ஆனா அசல் பாஸ்போர்ட் கையில இருக்கணும். ஃபோன்ல இருக்கிற படத்தை வச்சுக் கேட்டா கவுண்டர்ல ஒத்துக்க மாட்டாங்க. பொலன்னறுவைக்கும் இதே சலுகை உண்டு. காலையில திறக்கிற நேரத்துக்கே போயிடு. பாறைமேல வெயில் ஏறினா படி ஏற முடியாது. எதிர்ல பிதுரங்கல பாறை இருக்கு. அதுக்குக் கட்டணம் ரொம்பக் கம்மி, உச்சியில நின்னா சிகிரியா முழுசாக் கண்ணுக்கு நேரா தெரியும். நிறைய பேர் அதை மட்டும் ஏறிட்டுச் சிகிரியாவை விட்டுட்டேன்னு பெருமையா எழுதறாங்க. எனக்கு அது சம்மதமில்ல. 5-ஆம் நூற்றாண்டுல மன்னன் காசியப்பன் அந்தப் பாறை உச்சிக்குத் தண்ணி கொண்டு போனதையும், பாதி வழியில சுவர்ல நிக்கிற அந்த ஓவியப் பெண்களையும் எதிர்ப் பாறையில இருந்து பார்க்க முடியாது. சினிமாவையும் ஹோட்டலையும் ஆறு மாசம் குறைச்சாவது அந்த டிக்கெட் எடுக்கலாம்.

பஸ் விஷயம். சிவப்பு நிறத்துல வர்றது அரசாங்க பஸ், மெதுவாப் போகும், மலிவு. தனியார் பஸ் வேகம். ஏ.சி. மினி பஸ்ல பாதி வழியில இறங்கினாலும் முழுத் தூரத்துக்குக் காசு வாங்குவாங்க, பெரிய பையைப் பக்கத்து சீட்ல வச்சா அதுக்கும் ஒரு டிக்கெட் கேட்பாங்க. அதனால பை மடியில அடங்கற அளவுல இருக்கட்டும். முன் வரிசை சீட்டுங்க மதகுருமாருக்குன்னு ஒதுக்கினது. காலியா இருந்தாலும் அதுல பையோட உட்கார வேண்டாம், பிக்கு ஏறினா எழுந்து நிக்க வேண்டி வரும்.

போயா எப்பன்னு காலண்டர்ல பார்த்துக்கோ. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நாடு முழுக்க விடுமுறை. சனி, ஞாயிறோட சேர்ந்து வந்தா கண்டியிலயும் திருகோணமலையிலயும் ரூம் வாடகை ஏறிடும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் வச்சு அங்க ஓட்ட முடியாது, அங்க செல்லற அனுமதி தனியா வாங்கணும். அது இல்லாம விழுந்து அடிபட்டா காப்பீட்டுக் கம்பெனி கை விரிச்சிடும். பஸ்லயே போங்க.

பெரம்பூர்_மதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தோழிகிட்ட படிச்சுக் காட்டினேன், யாலவையும் எல்லவையும் விட ஒத்துக்கிட்டா. மிரிஸ்ஸவை விட மனசே இல்ல அவளுக்கு. கடல்தான் வேணும்னா திருகோணமலையிலயே இருக்குன்னு சொல்லிட்டேன்.

வசந்தி அக்கா, ரெண்டு சந்தேகம். நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல் விடறாங்களே, அதுல போனா மிச்சமாகுமா? காசை டாலரா மாத்தறதா, இல்ல இங்கேயே இலங்கைக் காசா வாங்கிக்கறதா?

கொளத்தூர்_வசந்தி:

கப்பல் நல்ல விஷயம்தான் மதி. 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, நடுவுல நின்னு 2024 ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க. நாலு மணி நேரம் சுமார் கடல்ல. தஞ்சாவூர், திருவாரூர்ல இருக்கிறவங்களுக்கு அதைவிட வசதி கிடையாது. உனக்குச் சரிப்படாது. பெரம்பூர்ல இருந்து நாகப்பட்டினம் போகவே ஒரு ராத்திரி பஸ். கடல் சரியில்லைன்னா அன்னிக்குப் பயணமே தள்ளிப் போகும். லீவு எண்ணி எடுக்கிறவங்களால அதைத் தாங்க முடியாது. வடகிழக்கு மழைக் காலத்துல நிறுத்தியும் வச்சிடுவாங்க.

நீ மீனம்பாக்கத்துல இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு டிக்கெட், திரும்பறது கொழும்புல இருந்து ஒரு டிக்கெட்னு தனித்தனியாப் போடு. யாழ்ப்பாணத்தோட விமான நிலையம் இருக்கிற பலாலிக்குச் சின்ன விமானம், ஒண்ணேகால் மணி நேரம் சுமார். போன வழியே திரும்ப வேண்டியதில்ல, ஒரு நாளும் ஒரு நீண்ட பஸ் பயணமும் மிச்சம். சின்ன விமானம்கறதால பை எடைக் கட்டுப்பாட்டை டிக்கெட்லயே படிச்சுக்கோ. கடைசி நாள் கொழும்பு கோட்டைப் பகுதியில இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 187-ஆம் நம்பர் பஸ் இருக்கு. அதுலேயே போ, டாக்சி வேண்டாம்.

காசு: இலங்கை ரூபாயை இங்க வாங்காதே, விலை நமக்கு ஒத்து வராது. கொஞ்சம் டாலர் நோட்டு அண்ணா சாலையில மாத்திக்கோ, ரெண்டு வேற வேற இடத்துல பிரிச்சு வை. மீதிக்கு ஏ.டி.எம். கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்டை பேங்க் ஆப்ல திறந்து வச்சுக்கோ. அங்க பணம் எடுக்கிறப்போ ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிப்பாங்க, அதனால நாலைஞ்சு நாளைக்கு ஆகறதை ஒரேயடியா எடு. மெஷின் 'இந்திய ரூபாயில கணக்குப் போடவா'ன்னு கேட்டா வேண்டாம்னு அழுத்து, அதுல அவங்க வைக்கிற விலை நமக்கு நஷ்டம். 2024 பிப்ரவரியில இருந்து யு.பி.ஐ.யும் அங்க இருக்கு. பெரிய கடையில க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணலாம். பஸ் கண்டக்டரும் சோத்துக் கடையும் நோட்டுதான் கேட்பாங்க, சில்லறையா வச்சுக்கோ.

இ.டி.ஏ.ங்கற ஆன்லைன் பயண அனுமதியை இலங்கை அரசாங்கத்தோட தளத்துலேயே நேரடியா எடு. அதே மாதிரி பேர் வச்சுக்கிட்டு நிறைய தளம் கூடுதல் காசு பிடுங்குது. கட்டணமும் சலுகையும் அப்பப்போ மாறிட்டே இருக்கிறதால, டிக்கெட் போடற அன்னிக்கு அந்தத் தளத்துல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. பாஸ்போர்ட் ரெண்டு பேருக்கும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியா இருக்கான்னு இன்னிக்கே பார்த்துடு. அது சரியா இருந்தா நாளைக்கே ஆபீஸ்ல லீவு எழுதிக் கொடுத்துட்டு விமான டிக்கெட்டைப் போடு. ரூமெல்லாம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் முன்கூட்டியே போட்டா போதும், மத்த ஊருல போய் நேர்ல பார்த்துப் பேசிக்கலாம்.